பாக்கி

கொடுத்தது நாற்பது.
திரும்பி வந்தது முப்பத்தொன்று.
மிச்சம் ஒன்பதைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு
"அணையத் திறந்துட்டாங்க, தெரியுமில்ல?" என்றார் ஜெயசீலி அக்கா.

தெரியும்.
நாளை மறுநாள் விடியலில் அழகர் ஆற்றில் இறங்குவார்.
பச்சைப் பட்டா சிவப்பா என்று ஊரே காத்துக் கிடக்கும்.
அவருக்குத் தங்கக் குதிரை இருக்கிறது.
கூட வருகிறவர்களுக்குக் காலில் செருப்பும் இருக்காது.

அதே வாரம்
கோட்டு போட்ட தேசங்கள் பெயர்ப்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து
ஒரு சொல்லைச் சதுர அடைப்புக்குறிக்குள் தள்ளியிருந்தன.
'தீங்கு குறைப்பு' என்ற சொல்.
ஒத்துவராததை அப்படித்தான் உள்ளே வைப்பார்களாம்.
கரிமேட்டில் ஒரு ராத்திரி
நானும் அப்படி உள்ளே இருந்திருக்கிறேன்.
எனக்காக யாரும் திருத்தம் கொண்டுவரவில்லை.

அந்தச் சொல் போனால்
அடுத்த வருடம் எங்களுக்கு ஊசிப் பெட்டி வராது.

எங்கோ மலைச்சரிவில் கீறிய காயின் பால்
மூன்று எல்லை தாண்டி
பொடியாகி, பொட்டலமாகி, யானைக்கல் வந்து சேர்ந்தபோது
எந்த மொழிபெயர்ப்பாளரும் தேவைப்படவில்லை.
ஒரே ஊசியில் ஏறி
ஒருவன் ரத்தத்திலிருந்து இன்னொருவன் ரத்தத்துக்குப் போனதே
அதனிடம் விசா கேட்டது யார்?
சுத்தமான ஊசிக்கு மட்டும்
அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது.

நாலு பேர் இறங்கினோம், ஆழ்வார்புரம் பக்கம்.
ஒச்சு, பழைய ஸ்பீக்கரை உடைத்து எடுத்த காந்தத்தைக்
கயிற்றில் கட்டி மணலில் இழுத்தான்.
பாட்டில் மூடி வந்தது, லாட ஆணி வந்தது,
யாரோ தொலைத்த சாவி வந்தது.
ஊசி மட்டும் ஒட்டவில்லை.
இந்த எஃகு காந்தத்துக்கு மசியாது, மாப்ளே.
மனுசனைத்தான் பிடிக்கும்.

மஸ்தானுக்கு இடம் ஞாபகம் இருந்தது.
பெரியாஸ்பத்திரியில் தினம் காலை
நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்துக்
கரையும்வரை வாய் திறக்காமல் நிற்கிறவன்.
போன வருடம் பணம் தரும் நாட்டிலிருந்து ஒரு அம்மா வந்து
"இந்தத் திட்டம் உங்களுக்கு என்ன?" என்று
சரியாக அந்த நேரத்தில் கேட்டார்.
இவன் பேசவில்லை.
அவர் கண் கலங்கிவிட்டது.
மாத்திரை என்று நாங்களும் சொல்லவில்லை.

கருவேல மூட்டில் மூன்று.
பாலத்துத் தூணடியில் நாலு.
மலத்துக்குள் ஒன்று, அதையும் இடுக்கியால் எடுத்தேன்.
எட்டு.

மூன்று மணிக்குத் தண்ணீர் வந்தது.
ஆறு மாதிரி வரவில்லை.
நாய் மோப்பம் பிடிப்பதுபோல
நுரையை முன்னால் தள்ளிக்கொண்டு
குழி குழியாக நுழைந்து வந்தது.
நான் டார்ச்சை அடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் பிலவேந்திரன்
சட்டைப் பைக்குள் கையை விட்டான்.

"அடுத்த வருசம் பெட்டி வராதுன்னு பேசிக்கிட்டீங்கள்ல.
அதான் ஒண்ண எடுத்து வச்சேன்.
கழுவித்தான் வச்சிருக்கேன்."

மூடி போட்டு, பாலிதீன் சுற்றி,
ரேஷன் கார்டைப்போல பத்திரமாக.

திட்ட வாய் வந்தது.
திட்டவில்லை.
பெட்டியைத் திறந்து நீட்டினேன், உள்ளே போட்டான்.
உறை பிரிக்காத புதிது ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.
இருட்டில் அவன் அதை வாங்கிய விதம்
கூலி வாங்குகிறவனைப்போல இருந்தது.

காலையில் பேரேட்டில் எழுதினேன்:
கொடுத்தது நாற்பத்தொன்று.
திரும்பியது நாற்பது.
அக்கா சிவப்புப் பேனாவை எடுத்தார்,
பிறகு மூடி வைத்துவிட்டார்.

மறுநாள் அழகர் இறங்கினார்.
எல்லோரும் மேலே பார்த்தார்கள்.
நான் கீழே பார்த்தேன்:
மெட்டி போட்ட கால், வெடிப்பு விட்ட கால்,
தகப்பன் தோளிலிருந்து நழுவி இறங்கி
சேற்றில் குதித்த ஒரு சின்னக் கால்.

போன் அதிர்ந்தது. அக்காதான்.
கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டார்களாம்.
சொல் இன்னும் உள்ளேதான்.

பதில் போட முடியவில்லை.
அந்த நெரிசலில்
இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்திருந்தேன்.